சீட்டில் எழுதியது தலையெழுத்தா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பட்டாளத்தில் வேலை பார்த்து விலகுகின்ற ஒவ்வொரு சிப்பாய்க்கும் அந்நாட்டு சர்க்கார் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்புகின்றது. எந்தப் படையில் இருந்தான், எத்தனை வருஷம் இருந்தான், எந்த யுத்தத்துக்குப் போனான் என்பவைகளோடு, அவன் எப்படிப்பட்டவனாக விலகினான் என்றும் அதில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். மற்ற வரிகளை யாரும் அவ்வளவாக லட்சியம் செய்வதில்லை. இந்த ஒரு வரியைத்தான் வேலை கொடுக்கும் முதலாளி முதலில் பார்க்கிறான். படிப்புக்குச் சர்க்கார் பணம் கொடுக்கலாமா, வீடு வாங்கக் கடன் கொடுக்கலாமா, வியாதி வந்தால் பட்டாளத்தார் ஆஸ்பத்திரியில் இடம் கொடுக்கலாமா என்பதையெல்லாம் இந்த ஒரு வரியே தீர்மானிக்கின்றது. செத்த பிறகு பட்டாளத்தார் இடுகாட்டில் ஆறடி மண் உண்டா இல்லையா என்பதும் இந்த வரியைப் பொறுத்ததே.

நம்மவர்களில் அநேகர் ‘தலையெழுத்து’ என்று ஒன்று உண்டென்றும், அதை எழுதினவன் பிரமன் என்றும், எழுதியதை அழிக்க எவராலும் முடியாது என்றும் சொல்லிக்கொண்டு காலங்கழிப்பதை நாம் எத்தனையோ தடவை கண்டித்து எழுதியிருக்கிறோம். பிரமன் எழுதியதையாவது இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. அமெரிக்கச் சிப்பாயின் தலையெழுத்தையோ அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அவன் கையிலேயே கொடுத்து விடுகிறார்கள். எழுதினவன் கடவுளல்ல; மாதச் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தன். மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம் அல்லவா? திருத்துகிறார்களா, எப்படித் திருத்துகிறார்கள், அதற்குள் எத்தனை பேர் செத்துப்போகிறார்கள் என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போமாக.

சீட்டு எத்தனை வகை?

இன்று அந்நாட்டில் இந்தச் சீட்டில் ஐந்து வகையான குணம் எழுதப்படுகின்றது. முதலாவது கௌரவமான விலகல். இரண்டாவது கௌரவத்தோடு சேர்ந்ததே என்றாலும் ஒரு படி இறங்கிய பொது விலகல். மூன்றாவது கௌரவமல்லாத நிலையில் விலகல். நான்காவது கெட்ட நடத்தைக்காக விலக்கல். ஐந்தாவது அவமானமாக விலக்கல். கடைசி இரண்டையும் ராணுவக் கோர்ட்டு விசாரித்துத்தான் விதிக்க முடியும். ஆனால் முதல் மூன்றையும் கோர்ட்டு விசாரணை இல்லாமலே மேலதிகாரிகள் ஆபீஸ் நடவடிக்கையில் எழுதிவிடலாம். இரண்டாவது வகைச் சீட்டு வாங்கினவனுக்கு மற்ற சௌகரியங்கள் அநேகமாய்க் கிடைத்தாலும் படிப்புக்கான பணம் கிடையாது. மூன்றாவது வகையோ அநேகமாய் எல்லாவற்றுக்கும் தடையாய் நிற்கக்கூடியது.

இங்குதான் விஷயம் இருக்கின்றது. ஒருவன் திருடினான் என்று சொன்னால் அவனைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும், சாட்சி வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும், ருஜுவாக வேண்டும். ஆறு மாதத் தண்டனைக்கே இவ்வளவு வேண்டியிருக்கிறது. ஆனால் ஆயுள் முழுவதும் கூடவே வரும் ஒரு கெட்ட பெயரைக் கொடுப்பதற்கு இவை ஒன்றும் அவசியமில்லை என்றால், கோர்ட்டு இருப்பது பெரிய மனிதர்களின் மனத் திருப்திக்காகத்தானா என்று கேட்கிறோம்.

பிரௌன்ஸ்வில் கதை

1906-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் டெக்ஸாஸ் மாகாணத்தில் பிரௌன்ஸ்வில் என்னும் ஊரை அடுத்த கோட்டைக்கு 25-வது காலாட்படையைச் சேர்ந்த கறுப்புச் சிப்பாய்கள் மாற்றி அனுப்பப்பட்டார்கள். இவர்கள் வந்தது ஊர் வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வந்து மூன்று வாரங்கூடச் சரியாய் ஆகவில்லை. ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி நடுநிசியில் ஊருக்குள் துப்பாக்கி வெடித்தது. ஒரு சாராயக் கடை ஊழியன் செத்தான். ஒரு போலீஸ் அதிகாரிக்குக் கையில் காயம். “கறுப்புச் சிப்பாய்கள்தான் சுட்டார்கள்” என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். “எங்கள் சிப்பாய்கள் அந்த நேரத்தில் கொட்டடியில்தான் இருந்தார்கள்” என்று அவர்களுடைய வெள்ளைக்கார அதிகாரிகளே முதலில் சொன்னார்கள். துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்ததில் சுட்ட அடையாளமில்லை. ஊர்க்காரர்கள் தெருவில் பொறுக்கியதாகச் சில வெற்றுத் தோட்டாக்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த ஜில்லாவின் பெரிய ஜூரிகள் விசாரித்துப் பார்த்து, ஒரு சிப்பாயின் மீதுகூடக் குற்றப் பத்திரிகை கொடுக்கவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பொழுது ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அவர்கள், சுட்டது யார் என்று தெரியாததால், 167 சிப்பாய்களை ஒட்டுமொத்தமாக, ஒருவருக்கும் விசாரணை வைக்காமல், கௌரவமின்றிப் பட்டாளத்தை விட்டு விரட்டினார். இனி எந்தக் காலத்திலும் பட்டாளத்திலோ சர்க்கார் உத்தியோகத்திலோ சேரக்கூடாது என்றும் உத்தரவு போட்டார். இதற்குச் சொன்ன காரணம் என்னவென்றால், சுட்டவர்கள் யார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தும் ஒன்று கூடிச் சதி செய்து மறைக்கிறார்கள் என்பதாம்.

இந்தத் தர்க்கத்தின் அழகைப் பாருங்கள். ஒருவரும் சுடவில்லை என்றால், காட்டிக் கொடுப்பதற்கு யாருமில்லை. காட்டிக் கொடுக்க யாருமில்லாததால் எல்லாரும் “தெரியாது” என்றார்கள். “தெரியாது” என்று எல்லாரும் சொன்னதே எல்லாரும் குற்றவாளிகள் என்பதற்கு ருஜுவாகிவிட்டது. குற்றவாளியாய் இருந்தாலும் தண்டனை, நிரபராதியாய் இருந்தாலும் தண்டனை. கொதிக்கிற எண்ணெயில் கைவிட்டுச் சத்தியம் செய்யச் சொன்ன காலத்திலாவது, கை சுடாமல் தப்பிக்க ஒரு வழி இருப்பதாகப் பாசாங்காவது செய்தார்கள்!

இன்னொரு நேர்த்தியும் உண்டு. வடக்கு மாகாணங்களில் கறுப்பு மக்களின் ஓட்டுகள் அக்காலத்தில் ஜனாதிபதியின் கட்சிக்கே விழுந்து வந்தன. ஆகவே நவம்பர் மாதத் தேர்தல் முடிகின்ற வரையில் இந்த உத்தரவு வெளியிடப்படாமல் இருந்து, ஓட்டுப் பெட்டிகள் மூடிய பிறகே வெளிவந்தது. நியாயமான உத்தரவாயிருந்தால் தேர்தலுக்கு முன் சொல்ல ஏன் பயம்?

விரட்டப்பட்டவர்களில் மிங்கோ சாண்டர்ஸ் என்ற முதல் சார்ஜெண்டு 26 வருஷம் சேவை செய்தவர். கியூபாவிலும் பிலிப்பைன் தீவுகளிலும் யுத்தம் செய்தவர். பென்ஷன் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. அதுவும் போயிற்று. ஓஹையோ மாகாணத்து செனட்டர் ஜோசப் போரேக்கர் என்பவர் இந்த அநியாயத்தை விடாமல் எடுத்துப் பேசினார். ஆயினும் செனட்டுக் கமிட்டியில் பெரும்பான்மையோர் ஜனாதிபதியின் பக்கமே நின்றார்கள். செனட்டர் பதவியும் அவர் கையைவிட்டுப் போயிற்று. பிறகு ஒரு ராணுவ விசாரணைக் குழு 1910-ல் 14 பேரை மட்டும் திரும்பச் சேரலாம் என்று சொல்லிற்று. ஏன் அந்த 14 பேர், ஏன் மற்றவர்கள் இல்லை என்பதற்குக் காரணமே சொல்லவில்லை.

பிறகு இரண்டு உலக யுத்தங்கள் நடந்து முடிந்தன. 1970-ல் ஜான் வீவர் என்னும் எழுத்தாளர் பழைய காகிதங்களையெல்லாம் புரட்டிப் படித்து இந்தச் சிப்பாய்கள் நிரபராதிகள் என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைக் கண்டு ஆகஸ்டஸ் ஹாக்கின்ஸ் என்னும் கறுப்பு இனத்துக் காங்கிரஸ் அங்கத்தினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதற்குப் பிறகே ராணுவ இலாகா கண் விழித்து, 1972-ல், அதாவது 66 வருஷம் கழித்து, அத்தனை பேருடைய சீட்டையும் கௌரவமான விலகல் என்று திருத்திற்று. யாருக்குத் திருத்திற்று? அநேகமாய் எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அந்தச் சீட்டின் பலனை அனுபவிக்காமல் உயிரோடு மிஞ்சியிருந்தவர் டார்ஸி வில்லிஸ் என்பவர் ஒருவரே. அவர் மின்னியாபொலிஸ் நகரத்தில் ஒரு க்ஷவரக் கடையில் 59 வருஷம் தரையைக் கூட்டி, வருகிறவர் போகிறவர் செருப்புக்கு மெருகு போட்டுப் பிழைத்தவர். 1973-ம் வருஷம் பிப்ரவரி மாதம் அவருடைய 87-வது பிறந்த நாளில் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். திருத்தத்தோடு பின்சம்பளம் ஒரு காசும் கிடையாது என்றார்கள். பிறகு தனியாக ஒரு சட்டம் செய்து 25,000 டாலர் கொடுத்தார்கள். 1977-ல் அவர் இறந்தார்.

1906-ல் இருந்த சாட்சியம்தான் 1972-லும் இருந்தது. அதே தோட்டாக்கள், அதே வாக்குமூலங்கள், பிற்பாடு செனட்டுக் கமிட்டி எடுத்த அதே சாட்சியங்கள். புதிதாய் எதுவும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அப்படியானால் 66 வருஷமும் எதற்காகக் காத்திருந்தார்கள்? உண்மை வெளிவருவதற்காக அல்ல. உண்மையைப் பார்க்கவேண்டும் என்று கேட்பதற்கு ஒருவன் பிறந்து, அவன் சட்டசபைக்குள் போய் உட்காருவதற்காகவே காத்திருந்தார்கள் என்பதுதான் நமது அபிப்பிராயம்.

நீலச் சீட்டு

இது ஒரு பழைய ஜனாதிபதியின் பிடிவாதத்தால் நேர்ந்த தனிப்பட்ட தப்பு என்று யாரேனும் சமாதானம் சொல்லக்கூடும். அதையும் பார்த்துவிடுவோம். 1916 முதல் அந்தப் பட்டாளத்தில் நீலக் காகிதத்தில் அச்சிட்ட ஒரு சீட்டு வழக்கத்தில் இருந்தது. அது கௌரவமானதும் அல்ல, அவமானமானதும் அல்ல, இரண்டுங்கெட்டான். பேருக்கு அப்படியே ஒழிய, நீலச் சீட்டைக் கண்டவுடன் முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள்.

இந்த நீலச் சீட்டு யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது? 1941 டிசம்பர் 1 முதல் 1945 ஜூன் 30 வரை தரைப்படையில் மொத்தம் 48,603 நீலச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. அவைகளில் 10,806 சீட்டுகள் கறுப்புச் சிப்பாய்களுக்குப் போயின. அதாவது நூற்றுக்கு 22-க்கு மேல். அந்தக் காலத்தில் படையில் கறுப்பு மக்கள் நூற்றுக்கு ஆறரைப் பேர்தான். ஆகவே ஒன்று, கறுப்பாய்ப் பிறந்தவன் வெள்ளையனைப் போல் மூன்று பங்குக்கு மேல் கெட்டவனாயிருக்க வேண்டும். அல்லது சீட்டு எழுதிய பேனா கோணலாய் இருக்க வேண்டும். இவ்விரண்டில் எது என்று வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும். பிறப்பைப் பார்த்துக் குணத்தை எழுதும் வித்தை நமது நாட்டு மக்களுக்குப் புதிதல்லவே!

இன்னும் ஒரு கூட்டத்தாருக்கும் நீலச் சீட்டு தாராளமாய்க் கிடைத்தது. ஆண் ஆணையோ, பெண் பெண்ணையோ நேசிக்கிறார்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களே அவர்கள். யுத்த களத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. யாரை நேசிக்கிறாய் என்றுதான் கேட்டார்கள்.

1944-ல் அந்நாட்டுக் காங்கிரஸ், யுத்தத்திலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்குப் படிப்பும், கடனும், வேலையில்லாக் காலத்தில் உதவியும் கொடுக்க ஒரு பெரிய சட்டம் செய்தது. அவமானமாக விலக்கப்பட்டவர்கள் நீங்கலாக மற்றவர்களுக்கெல்லாம் அது உரியது என்பதே சட்டத்தின் கருத்து. ஆனால் முன்னாள் சிப்பாய்களின் காரியங்களைக் கவனிக்கும் இலாகாவோ நீலச் சீட்டுக்காரர்களையும் தன்னிஷ்டப்படி தள்ளி வைத்தது. சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி வரங்கொடுக்கமாட்டான் என்று நம் நாட்டில் சொல்வார்களே, அதுதான் அங்கும் நடந்தது.

அப்பொழுது ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்னும் கறுப்பு மக்களின் பத்திரிகை இந்த அக்கிரமத்தை வெளிப்படையாய்க் கண்டித்தது. கண்டித்ததோடு நிற்காமல், நீலச் சீட்டை எதிர்த்து எப்படி மனுப் போடுவது என்று 1945 அக்டோபரில் தன் வாசகர்களுக்கு விவரமாய் எழுதிற்று. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசையால் இந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள் என்றும் எச்சரித்தது. 1946-ல் பிரதிநிதி சபைக் கமிட்டி ஒன்றும் நீலச் சீட்டு முறையைக் குற்றஞ்சொல்லிற்று. 1947-ல் நீலச் சீட்டு ஒழிந்தது. ஆனால் அதே இடத்தில் பொது விலகல் என்றும், வேண்டத்தகாத விலகல் என்றும் இரண்டு பெயர்கள் வந்து உட்கார்ந்து கொண்டன. காகிதத்தின் நிறம் போயிற்று, காரியம் போகவில்லை.

பெயர் இல்லாத வியாதி

வியட்நாம் யுத்தத்துக்குப் போனவர்களின் சங்கதி இதைவிடப் பரிதாபமானது. பக்கத்தில் இருந்தவன் சிதறிப்போவதைக் கண்ணால் கண்டு வந்தவன் ராத்திரியில் தூங்காமல் அலறினான், குடித்தான், மேலதிகாரியோடு சண்டை போட்டான், சொல்லாமல் ஓடிப்போனான். ‘கெட்ட நடத்தை’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். யுத்தத்தின் அதிர்ச்சியினால் மனதில் உண்டாகும் இந்த வியாதிக்கு அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் அதிகாரபூர்வமான புத்தகத்தில் 1980-ல்தான் பெயர் கொடுக்கப்பட்டது. பெயர் தெரியாத காலத்தில் வியாதிக்காரன் குற்றவாளி ஆனான். சரி, பெயர் தெரிந்த பிறகாவது பழைய சீட்டுகளைத் தாங்களே எடுத்துப் பார்த்தார்களா? இல்லை. 2014-ல்தான் ராணுவ மந்திரி ஹேகல் என்பவர், இப்படிப்பட்ட மனுக்களைத் தாராள மனதோடு பார்க்கவேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். 2017-ல் அதை இன்னும் விரித்து, மூளைக்காயம் பட்டவர்களுக்கும், பட்டாளத்துக்குள்ளேயே பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கும் பொருந்தும் என்று எழுதினார்கள். வியாதிக்குப் பெயர் வைத்ததற்கும் மனுவை இரக்கத்தோடு பார்க்கச் சொன்னதற்கும் இடையில் 34 வருஷம்! அதற்குள் எத்தனை சிப்பாய்கள் தெருவில் கிடந்து செத்தார்களோ!

மனுப் போடும் வழி

இனி மனுப் போடும் வழியைப் பார்ப்போம். ஆதியில் இதற்கு வழியே கிடையாது. யாராவது ஒரு காங்கிரஸ் அங்கத்தினரைப் பிடித்து, ஒரு தனி மனிதனுக்காக ஒரு தனி மசோதா கொண்டுவரச் செய்யவேண்டும். பெரிய மனிதரைத் தெரியாதவனுக்கு நீதியும் தெரியாது. 1944-ம் வருஷச் சட்டத்தினால் விலகல் சீட்டுகளைப் பரிசீலிக்கும் சபைகள் ஏற்பட்டன. 1946-ல் செய்த இன்னொரு சட்டத்தினால் பட்டாளத்துத் தஸ்தாவேஜிகளையே திருத்தும் சபைகளுக்கு வழி பிறந்தது. இவை இரண்டும் இன்றும் இருக்கின்றன.

விலகி 15 வருஷத்துக்குள் இருந்தால் 293-ம் நெம்பர் பாரத்தில் முதல் சபைக்கு மனுச் செய்யலாம். நேரில் போய்ப் பேசவும் கேட்கலாம். பெரிய ராணுவக் கோர்ட்டின் தண்டனையால் வந்த சீட்டை இந்தச் சபை தொடாது. 15 வருஷம் கடந்தவர்களும், இங்கே தோற்றவர்களும் 149-ம் நெம்பர் பாரத்தில் இரண்டாவது சபைக்குப் போகவேண்டும். அங்கே தப்பைக் கண்டறிந்த மூன்று வருஷத்துக்குள் என்று ஒரு கெடு இருந்தாலும், நியாயத்தை உத்தேசித்து அந்தக் கெடுவைத் தள்ளிவிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே நேரில் பேச இடம் கிடைப்பது மிக அருமை. காகிதத்தைப் பார்த்துக் காகிதத்தில் தீர்ப்பு.

இதிலும் ஒரு மூடநம்பிக்கை புகுந்திருக்கிறது. விலகி ஆறு மாதம் ஆகிவிட்டால் கெட்ட சீட்டு தானாகவே நல்ல சீட்டாய் மாறிவிடும் என்று அந்நாட்டுச் சிப்பாய்கள் பலர் நம்பி வந்திருக்கிறார்கள். இது சுத்தப் பொய். எந்தச் சீட்டும் எந்தக் காலத்திலும் தானாக மாறாது. சனிப் பெயர்ச்சி வந்தால் கஷ்டம் தீரும் என்று நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கும், ஆறு மாதம் போனால் சரியாகும் என்று மனுப் போடாமல் 15 வருஷத்தைக் கோட்டை விட்டவனுக்கும் என்ன வித்தியாசம்?

நிற்க, இந்தச் சபைகள் ஆரம்பத்திலேயே ஒரு அனுமானத்தோடுதான் உட்காருகின்றன. அதாவது, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் செய்த காரியம் முறைப்படிதான் செய்யப்பட்டிருக்கும் என்பது அது. தப்பு என்று சொல்லுகிற சிப்பாய்தான் ருஜுப்படுத்த வேண்டும். எதைக் கொண்டு ருஜுப்படுத்துவது? தஸ்தாவேஜிகளைக் கொண்டு. தஸ்தாவேஜிகள் யாரிடம் இருக்கின்றன? சர்க்காரிடம். அவை என்ன ஆயின? 1973-ம் வருஷம் ஜூலை மாதம் 12-ந் தேதி செயின்ட் லூயிஸ் நகரத்தில் அவைகளை வைத்திருந்த கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கட்டுகள் சாம்பலாயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கட்டுகளில் நூற்றுக்கு 80 பங்கு போயிற்று. நீலச் சீட்டு வாங்கின காலம் முழுவதும் இதற்குள் அடக்கம்! தஸ்தாவேஜியை எரிய விட்டவன் சர்க்கார். தஸ்தாவேஜி எங்கே என்று கேட்கப்படுகிறவன் சிப்பாய். அடகு வைத்த நகையைத் தொலைத்துவிட்டு, நகை உன்னுடையதுதான் என்பதற்கு நகையைக் கொண்டுவந்து காட்டு என்று சொல்லுகிற சேட்டுக் கடை நியாயமல்லவா இது?

சில ஆக்ஷேபணைகள்

‘இப்படியெல்லாம் சீட்டை மாற்றிக் கொடுத்துக் கொண்டிருந்தால் பட்டாளத்தில் கட்டுப்பாடு என்ன ஆவது?’ என்று சிலர் கேட்கிறார்கள். கட்டுப்பாட்டை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. குற்றம் செய்தவனை விசாரித்துத் தண்டியுங்கள். ஆனால் விசாரணை இல்லாமல் 167 பேரை விரட்டியது கட்டுப்பாடா? கட்டுப்பாடு மேலிருந்து கீழே மட்டும் ஓடுவதானால் அதற்குப் பெயர் கட்டுப்பாடல்ல, அடிமைத்தனம். எழுதுகிற அதிகாரியின் பேனாவுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டாமா?

‘எல்லாருக்கும் கௌரவச் சீட்டுக் கொடுத்தால், ஒழுங்காய்ச் சேவை செய்தவனுடைய சீட்டுக்கு மதிப்பேது?’ என்று இன்னொரு கேள்வி. நல்லது. நிரபராதிக்கு அவமானச் சீட்டுக் கொடுத்திருக்கிற இடத்தில், யோக்கியன் கையில் இருக்கிற சீட்டுக்குத்தான் என்ன மதிப்பு? தராசு கோணலென்று தெரிந்த கடையில் சரியாய் நிறுத்த சாமானையும் யார் நம்புவார்கள்? தராசைச் சரிசெய்தால்தான் எல்லாருடைய சீட்டுக்கும் மதிப்பு ஏற்படும்.

‘காலம் கடந்துவிட்டது; பழைய குப்பையை ஏன் கிளறுவது?’ என்பது மூன்றாவது. காலம் யாருக்குக் கடந்தது? 1917-ல் ஹூஸ்டன் நகரத்தில் நடந்த கலகத்துக்காக 24-வது காலாட்படையின் கறுப்புச் சிப்பாய்கள் 110 பேரைக் குற்றவாளிகளாக்கி, 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். முதல் 13 பேரை, அப்பீல் செய்துகொள்ள இடங்கொடாமல், டிசம்பர் 11-ந் தேதி விடிவதற்கு முன்பே இரகசியமாய்த் தொங்கவிட்டார்கள். 2023-ல் ராணுவ இலாகாவே அந்த விசாரணைகள் நியாயமானவை அல்ல என்று ஒப்புக்கொண்டு, 110 பேருடைய தீர்ப்பையும் தள்ளி, கௌரவமாய் விலகியவர்கள் என்று எழுதிற்று. 1944-ல் கலிபோர்னியாவில் போர்ட் சிகாகோ துறைமுகத்தில் வெடிமருந்து வெடித்து 320 பேர் செத்த பிறகு, பத்திரமில்லாத அதே வேலையைத் திரும்பச் செய்ய மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட கறுப்பு மாலுமிகளையும் 2024-ல் கடற்படை குற்றமற்றவர்கள் என்று தீர்த்தது. 106 வருஷம், 80 வருஷம் கழித்துத் திருத்த முடிந்திருக்கிறதென்றால், காலம் கடந்தது என்ற சாக்குக்கு இடமெங்கே? திருத்த மனமில்லாத வரையில்தான் காலம் கடந்ததாகிறது.

செய்ய வேண்டியதென்ன?

ஒருபால் நேசமுள்ளவர்கள் தங்களை வெளியில் சொல்லிக்கொண்டால் பட்டாளத்தில் இருக்கக்கூடாது என்ற சட்டம் 2011 செப்டம்பர் 20-ல் ஒழிந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் மட்டும் 13,000 பேருக்கு மேல் விலக்கப்பட்டிருந்தார்கள். ஒழிந்த பிறகும் கெட்ட சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே மனுப் போட வேண்டியிருந்தது. வெட்கத்தாலும், வழி தெரியாமலும் அநேகர் போடவில்லை. கடைசியில் ராணுவ இலாகா தானாகவே பழைய கட்டுகளை எடுத்துப் பார்த்து, 2024 அக்டோபரில், 851 பேருடைய சங்கதியைப் பரிசீலித்ததில் 800-க்கு மேற்பட்டவர்களுக்குப் பரிகாரம் கிடைத்ததாக அறிவித்தது.

இந்த ஒரு காரியமே நாம் சொல்ல வருவதற்குப் போதுமான அத்தாட்சி. அதாவது, மனு இல்லாமலே சர்க்காரால் திருத்த முடியும். அப்படி எடுத்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தப்பாகவே இருக்கின்றது. அப்படியானால், நீலச் சீட்டுக்காரர்களின் கட்டுகளையும், வியட்நாம் சிப்பாய்களின் கட்டுகளையும் எடுத்துப் பார்க்க யார் கையைப் பிடித்தார்கள்?

எனவே, ஒரு கூட்டத்தார் முழுவதற்கும் அநீதி நடந்திருக்கிறது என்று தெரிந்த இடத்தில் ஒவ்வொருவனும் வந்து கும்பிட்டு நிற்கவேண்டும் என்பது ஒழியவேண்டும். கோர்ட்டு விசாரணை நடக்காத இடத்திலும், தஸ்தாவேஜி எரிந்துபோன இடத்திலும், ருஜுப்படுத்தும் பாரம் சர்க்காரின் தலையில் இருக்கவேண்டும். கேட்கிற ஒவ்வொருவனையும் நேரில் உட்கார வைத்துக் கேட்கவேண்டும். சீட்டைத் திருத்தினால், அந்தச் சீட்டினால் இழந்த பணத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். 87 வயதுக் கிழவனுக்குக் காகிதத்தை மட்டும் கொடுத்துக் கைதட்டுவது நியாயம் செய்ததாகாது.

கெட்ட சீட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் தெரியாமல் மறைத்து வாழ்கிற அந்நாட்டு முன்னாள் சிப்பாய்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். மனுவில் தயவு கேட்காதீர்கள், நியாயம் கேளுங்கள். ‘ஏதோ தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்’ என்று ஆரம்பிக்கிற மனு, எழுதினவன் எழுதியது சரிதான் என்று ஒப்புக்கொண்ட மனுவாகும். எந்தத் தேதியில், எந்த உத்தரவில், எந்த விதி மீறப்பட்டது என்று எழுதுங்கள். கூட இருந்தவனுடைய வாக்குமூலத்தையும், வைத்தியனுடைய சர்ட்டிபிகேட்டையும், விலகிய பிறகு எப்படி வாழ்ந்தீர்கள் என்பதற்கு ஊராருடைய கடிதத்தையும் சேருங்கள். நேரில் பேச உரிமையுள்ள இடத்தில் நேரில் போய்ப் பேசுங்கள். ஒரு தடவை தள்ளினால் அடுத்த சபைக்குப் போங்கள்.

கடல் கடந்த ஊரின் சங்கதியை இவ்வளவு தூரம் ஏன் எழுதினோம் என்று கிராமத்துத் தோழர்கள் கேட்கலாம். மனிதன் மனிதனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் 66 வருஷமும், 106 வருஷமும் பொய் குடியிருக்க முடிந்தது என்பதையும், அதை அழித்தது கடவுளும் அல்ல, காலமும் அல்ல, விடாமல் கேட்ட மனிதர்களே என்பதையும் நமது மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதினோம். டார்ஸி வில்லிஸ் 59 வருஷம் துடைத்த செருப்புகளுக்குக் கணக்கில்லை. அந்தக் கணக்கை அந்நாட்டு சர்க்கார் இன்னும் தீர்க்கவில்லை என்பதே நமது முடிவு.